அலுமினியம் ஏன் அசையாமல் கிடந்தது? நீர்த்த அமிலத்தில் உலோகங்கள் வினைபுரியும் விதம்

கேள்வி ஒரு பதினோராம் வகுப்பு மாணவருடையது. எலக்ட்ரானை எளிதில் விடுபவை மேலே வரும்படி அடுக்கிய வினைபடுதிறன் வரிசையில் ஹைட்ரஜனுக்கு மேலே உள்ள உலோகங்கள் நீர்த்த அமிலத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவைத் தரும், கீழே உள்ளவை தரமாட்டா என்று பாடத்தில் படித்திருக்கிறார். ஆய்வகத்தில் அவர் கண்டதோ வேறு. துத்தநாகத்துக்கும் மேலே இருக்கிற அலுமினியத் துண்டு நீர்த்த கந்தக அமிலத்தில் அசையாமல் கிடந்தது. ஹைட்ரஜனுக்கு மேலே இருக்கிற காரீயமும் அப்படியே கிடந்தது. வரிசையில் கீழே இருக்கிற தாமிரம், நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் கரைந்து வாயுவை வெளிவிட்டது. பாடம் தவறா, நான் செய்த சோதனை தவறா என்று கேட்கிறார்.

இரண்டிலும் தவறில்லை. வினை நடக்க இடமுண்டா என்பதை மட்டுமே அந்த வரிசை சொல்லும். எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதை உலோகத்தின் மேற்பரப்புதான் தீர்மானிக்கிறது. என்ன வாயு வரும் என்பது, அந்த அமிலத்தில் எலக்ட்ரானை ஏற்றுக்கொள்ள யார் முந்துகிறார்கள் என்பதைப் பொறுத்தது. இந்த மூன்றையும் ஒரே விதிக்குள் அடக்கி மனப்பாடம் செய்வதால்தான் குழப்பம் வருகிறது. வேதியியலைப் பல ஆண்டுகள் கற்பித்தவன் என்ற முறையில், இந்தக் குழப்பம் ஒரு நல்ல மாணவருக்கு வந்தே ஆகவேண்டியது என்று சொல்வேன். கண்ணால் கண்டதைப் பாடத்துக்காக மறைக்காமல் கேட்டதே பெரிய காரியம்.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையோ கந்தக அமிலத்தையோ நிறைய நீரில் கலந்தால், அதில் ஹைட்ரஜன் அயனிகள் நீர் மூலக்கூறுகளோடு ஒட்டிக்கொண்டு திரிகின்றன. உலோகத்தின் அணு தன் எலக்ட்ரான்களை விட்டுவிட்டு நேர்மின் அயனியாகக் கரைசலுக்குள் இறங்குகிறது. அது விட்டுச்சென்ற எலக்ட்ரான்களை ஹைட்ரஜன் அயனிகள் உலோகப் பரப்பின் மேலேயே பெற்று அணுவாகி, இரண்டிரண்டாகச் சேர்ந்து மூலக்கூறாகிக் குமிழியாக மேலெழுகின்றன. அதாவது நாம் ஒரே வினையாக எழுதுவது உண்மையில் இரண்டு வேலைகள்: ஒன்று ஆக்சிஜனேற்றம், அதாவது எலக்ட்ரானை இழப்பது; மற்றொன்று ஒடுக்கம், அதாவது எலக்ட்ரானைப் பெறுவது. இரண்டும் ஒரே இடத்தில் நடக்கவேண்டிய கட்டாயம் இல்லை. எலக்ட்ரான் உலோகத்துக்குள் ஓடிப் போய் வேறோர் இடத்தில் கூடச் செலவாகலாம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதுதான் பலவற்றை விளக்கப்போகிறது.

எலக்ட்ரானை விடுவதில் உலோகங்களுக்குள் உள்ள வேறுபாட்டைத் திட்ட மின்முனை மின்னழுத்தம் என்ற அளவு காட்டுகிறது. ஹைட்ரஜனைச் சுழி என்று வைத்துக்கொண்டால், மெக்னீசியம் எதிர் 2.37 வோல்ட், அலுமினியம் எதிர் 1.66, துத்தநாகம் எதிர் 0.76, இரும்பு எதிர் 0.44, வெள்ளீயம் எதிர் 0.14, காரீயம் எதிர் 0.13. தாமிரம் நேர் 0.34, வெள்ளி நேர் 0.80. எதிர்க் குறி உள்ள உலோகங்கள் ஹைட்ரஜன் அயனிக்கு எலக்ட்ரானைக் கொடுக்க இயலும். நேர்க் குறி உள்ளவை இயலாது. பாடத்தில் உள்ள வரிசை இந்த எண்களின் வரிசைதான்.

எவ்வளவு வாயு வரும் என்பது இதைவிட எளிய கணக்கு. அதைக் கண்டவரின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1766இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஹென்றி கேவண்டிஷ், துத்தநாகம், இரும்பு, வெள்ளீயம் ஆகிய மூன்றையும் அமிலங்களில் கரைத்து, வெளிவந்த எரியும் வாயுவை அளந்தார். ஓர் அவுன்ஸ் துத்தநாகம் 356 அவுன்ஸ் நீரின் கன அளவுள்ள வாயுவைத் தந்தது, அதே எடை இரும்பு 412, வெள்ளீயம் 202. கந்தக அமிலமானாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலமானாலும் துத்தநாகம் தந்த வாயுவின் அளவு மாறவில்லை. ஆகவே அந்த வாயு உலோகத்திலிருந்துதான் வருகிறது என்று அவர் முடிவு செய்தார். அந்த முடிவு பிழையானது. வாயு அமிலத்திலிருந்து வருகிறது. ஆனால் அளவு எவ்வளவு துல்லியமானது என்று பாருங்கள். துத்தநாகத்தின் அணு நிறை 65.4, இரும்பினுடையது 55.8. இரண்டுமே இவ்வினையில் அணுவுக்கு இரண்டு எலக்ட்ரான் கொடுப்பவை என்பதால், சம எடையில் இரும்பு 1.17 மடங்கு வாயு தரவேண்டும். கேவண்டிஷின் எண்களை வகுத்தால் 1.16 வருகிறது. அணு நிறை என்ற கருத்தே பிறக்காத காலத்தில், தராசும் நீரில் கவிழ்த்த குடுவையும் கொண்டு எடுத்த அளவு அது. பிழையான கொள்கையை வைத்திருந்தவர் கூட அளவை நேர்மையாக எழுதி வைத்தால், பின்னால் வருபவர்களுக்கு அது பயன்படுகிறது. அந்த வாயுவுக்கு ஹைட்ரஜன், அதாவது நீரை உண்டாக்குவது, என்ற பெயர் லவாசியேயால் பிற்பாடுதான் வந்தது.

இந்த வினையைப் பெரிய அளவில் செய்து காட்டியதும் அதே நூற்றாண்டுதான். 1783 ஆகஸ்டு 27 அன்று பாரிஸில் ஜாக் சார்லஸ் பறக்கவிட்ட ஆளில்லாப் பலூனுக்குள் இருந்த ஹைட்ரஜன், அரை டன்னை ஒட்டிய இரும்புத் துண்டுகளின் மேல் கந்தக அமிலத்தை ஊற்றி எடுக்கப்பட்டது.

இனி வேகத்துக்கு வருவோம். இங்கே துத்தநாகத்தை ஆதாரமாகக் கொள்வது நல்லது, ஏனென்றால் அதில் உள்ள நுட்பம் மற்ற எல்லாவற்றுக்கும் சாவி. மிகத் தூய துத்தநாகத்தை நீர்த்த கந்தக அமிலத்தில் போட்டால், ஏமாற்றம் தரும் அளவுக்கு மெதுவாகத்தான் குமிழிகள் வரும். பள்ளி ஆய்வகங்களில் இருக்கும் சாதாரணத் துத்தநாக மணிகள் நன்றாக நுரைக்கும். இந்த வேறுபாட்டை 1830இல் ஜெனிவாவின் ஒகுஸ்த் தெ லா ரீவ் ஆராய்ந்து, மாசு கலந்த துத்தநாகத்தில் மாசும் உலோகமும் சேர்ந்து சின்னஞ்சிறு மின்கலங்களாகச் செயல்படுகின்றன என்று விளக்கினார்.

இதைக் கண்ணால் காண ஒரு வழி இருக்கிறது. சோதனைக் குழாயில் நீர்த்த கந்தக அமிலத்தை எடுத்து ஒரு துத்தநாக மணியைப் போடுங்கள். குமிழிகள் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு நின்று, பெரிதாகி, பிறகுதான் விடுபடும். இப்போது மயில்துத்தக் கரைசலில், அதாவது தாமிர சல்பேட்டில், இரண்டு மூன்று சொட்டு விடுங்கள். துத்தநாகத்தின் பளபளப்பு மறைந்து கறுப்பும் செம்பழுப்புமாகப் புள்ளிகள் படரும். அடுத்த நொடியிலேயே அந்தப் புள்ளிகளிலிருந்து பொடிக் குமிழிகள் திரள்திரளாகக் கிளம்பி அமிலம் பால்போல் வெளுத்துத் தெரியும். குழாயைத் தொட்டால் சூடு ஏறியிருப்பது தெரியும். துத்தநாகம் தாமிர அயனிகளை உலோகத் தாமிரமாகத் தன்மேல் படியச் செய்திருக்கிறது. ஹைட்ரஜன் அணுக்கள் கூடி மூலக்கூறாவதற்குத் துத்தநாகப் பரப்பைவிடத் தாமிரப் பரப்பு மிகவும் ஏற்ற இடம். துத்தநாகம் ஓரிடத்தில் கரைய, அதன் எலக்ட்ரான் தாமிரப் புள்ளிக்கு ஓடி அங்கே ஹைட்ரஜனாகிறது. முன்னே சொன்ன இரண்டு வேலைகளும் இப்படித்தான் இரண்டு இடங்களில் நடக்கின்றன.

இன்னும் தெளிவாகப் பார்க்க வேண்டுமானால், ஒரு துத்தநாகத் தகட்டையும் ஒரு தாமிரத் தகட்டையும் அமிலத்தில் தனித்தனியாக நிறுத்துங்கள். தாமிரத்தில் ஒன்றும் நடக்காது. இரண்டின் மேல்முனைகளையும் தொடச் செய்யுங்கள். உடனே தாமிரத் தகட்டிலிருந்து குமிழிகள் கிளம்பும். தாமிரம் அமிலத்தோடு வினைபுரிகிறது என்று பல மாணவர்கள் எழுதிவிடுவார்கள். வினைமுடிந்து எடை பார்த்தால் தாமிரத்தின் எடை மாறியிருக்காது, கரைந்தது துத்தநாகம்தான். குமிழி எங்கே வருகிறதோ அங்கேதான் உலோகம் கரைகிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒரு பரப்பின் மேல் ஹைட்ரஜன் வெளிவருவதற்குக் கணக்கில் வரும் மின்னழுத்தத்துக்கு மேல் கூடுதலாகத் தேவைப்படும் மின்னழுத்தத்தை மிகை மின்னழுத்தம் என்பார்கள். பிளாட்டினத்தில் அது மிகக் குறைவு. துத்தநாகத்தில் அதிகம். காரீயத்திலும் பாதரசத்திலும் மிக அதிகம். பழைய மின்கலங்களில் துத்தநாகத் தகட்டுக்குப் பாதரசம் பூசியதன் காரணம் இதுவே. சுற்று இணைக்கப்படாத நேரத்தில் துத்தநாகம் வீணாகக் கரைவதை அது தடுத்தது.

மெக்னீசியத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எலக்ட்ரானை விட அதற்குள்ள உந்துதல் அவ்வளவு வலுவானது என்பதால் மேற்பரப்புத் தடைகள் பொருட்டாவதில்லை. சிறு நாடாத் துண்டு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சுழன்று சுழன்று விரைவில் காணாமல் போகும். ஒரு கிராம் மெக்னீசியம் அறை வெப்பநிலையில் ஏறத்தாழ ஒரு லிட்டர் ஹைட்ரஜன் தரும். கால்சியமும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கடுமையாக வினைபுரியும். கந்தக அமிலத்தில் அது உண்டாக்கும் கால்சியம் சல்பேட் நீரில் சரியாகக் கரையாததால், மேலே படிந்து வினையை மட்டுப்படுத்திவிடும். சோடியத்தையும் பொட்டாசியத்தையும் அமிலத்தில் போட்டுப் பார்க்கவே கூடாது. அது வெடிக்கும்.

இரும்பு நிதானமாக வினைபுரியும். சற்றுச் சூடாக்கினால் வேகம் கூடும். இங்கே தேர்வில் அடிக்கடி நேரும் ஒரு பிழையைக் குறிப்பிட வேண்டும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும் கந்தக அமிலத்திலும் இரும்பு இரண்டு எலக்ட்ரானைத்தான் இழக்கிறது, மூன்றை இழப்பதில்லை. உருவாகும் கரைசல் வெளிர்பச்சையாக இருக்கும். கந்தக அமிலக் கரைசலை வற்றவைத்துப் படிகமாக்கினால் கிடைப்பது நாட்டு மருந்துக் கடைகளில் அன்னபேதி என்ற பெயரில் விற்கும் பொருள்தான். கரைசலைத் திறந்து வைத்தால் சில நாட்களில் மஞ்சளாகிப் பழுப்பாவது காற்றிலுள்ள ஆக்சிஜனின் வேலை, அமிலத்தின் வேலையன்று. ஆணியைக் கரைத்தபின் குழாயின் அடியில் தங்கும் கறுப்புத் தூள் இரும்போடு கலந்திருந்த கரிமம்.

இனி அலுமினியம். மின்னழுத்த எண்ணைப் பார்த்தால் அது துத்தநாகத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஆவலோடு இருக்கவேண்டும். அப்படியிருந்தும் அசையாமல் கிடந்ததற்குக் காரணம், நீங்கள் அமிலத்தில் போட்டபோது அமிலத்தைத் தொட்டது அலுமினியமே அன்று. காற்று பட்ட மறுகணமே அலுமினியத்தின்மேல் ஒரு ஆக்சைடு படலம் உருவாகிவிடுகிறது. அதன் தடிமன் சில நானோமீட்டர்தான், ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் சில பங்கு. ஆனால் அது இடைவெளியில்லாமல் உலோகத்தோடு இறுகப் பற்றியிருக்கிறது. கீறினால் உடனே மறுபடியும் மூடிக்கொள்கிறது. நம் வீட்டு அலுமினியப் பாத்திரம் ஆண்டுக்கணக்கில் உழைப்பது இந்தப் படலத்தின் தயவால்தான்.

அதே அலுமினியத்தை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டிருந்தால் வேறு காட்சியைக் கண்டிருப்பீர்கள். முதலில் ஒன்றும் நடக்காது. மாணவர்கள் பொறுமையிழந்து குழாயைத் தாங்கியில் வைத்துவிட்டு அடுத்த சோதனைக்குப் போய்விடுவார்கள். சில நிமிடங்கள் கழித்து ஓரங்களில் ஓரிரு குமிழிகள் தோன்றும்; பிறகு வேகம் தானாகவே கூடிக்கொண்டே போய், வினை வெளிவிடும் வெப்பம் வினையையே மேலும் விரைவுபடுத்த, அமிலம் சற்று வலுவாக இருந்தால் கடைசியில் நுரை பொங்கி வழியவும் செய்யும். வேலை முடிந்தது என்று நினைத்துக் குழாயை மூடிவைத்தால் விபத்து நேரும். ஆகவே எந்நிலையிலும் அதை அடைத்து வைக்கக் கூடாது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் உள்ள குளோரைடு அயனிகள் அந்தப் படலத்தின் பலவீனமான இடங்களில் துளைத்து உள்ளே புகக்கூடியவை. கந்தக அமிலத்தின் சல்பேட் அயனிகளுக்கு அந்தத் திறமை மிகக் குறைவு. இரு அமிலங்களும் ஒரே ஹைட்ரஜன் அயனியைத்தான் கொண்டிருக்கின்றன. கூட வந்த எதிர்மின் அயனிதான் வேறுபாட்டை உண்டாக்குகிறது. ‘நீர்த்த அமிலம்’ என்று பொதுப்படையாகச் சொல்வது எவ்வளவு போதாதது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

காரீயம் அசையாததற்கு இரண்டு காரணங்கள் சேர்ந்துகொள்கின்றன. கந்தக அமிலத்தில் காரீய சல்பேட்டும், ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் குளிர்ந்த நீரில் சிறிதளவே கரையும் காரீய குளோரைடும் அதன்மேல் பூச்சாகப் படிந்துவிடுகின்றன. அதோடு, அதன் உந்துதல் 0.13 வோல்ட் மட்டுமே. ஹைட்ரஜனுக்கான மிகை மின்னழுத்தமோ அதன் பரப்பில் மிக அதிகம். இந்தக் ‘குறை’யை மனிதர்கள் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். 1746இல் பர்மிங்காமில் ஜான் ரோபக் கந்தக அமிலத்தையே காரீயத் தகடு வேய்ந்த அறைகளில் தயாரிக்கத் தொடங்கினார். 1859இல் காஸ்தோன் பிளான்தே கண்டுபிடித்த காரீய மின்கல அடுக்குதான் இன்றைக்கும் வீட்டு இன்வெர்ட்டரிலும் வண்டிகளிலும் இருக்கிறது. அதன் ஒவ்வொரு கலமும் ஏறத்தாழ 2 வோல்ட். நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கக் கணக்கின்படி 1.23 வோல்ட் போதும் என்பதால், அந்தப் பேட்டரி தன் நீரைத் தானே பிரித்துத் தீர்த்துவிட்டிருக்கவேண்டும். அப்படி வேகமாக நடக்காமல் இருப்பதற்கு, காரீயத்தின் மேல் ஹைட்ரஜன் வெளிவர எளிதில் இணங்காததும் ஒரு முக்கிய காரணம். ஆனால் மின்னேற்றத்தின் இறுதியில் மின்னழுத்தம் உயரும்போது ஹைட்ரஜன் வரத்தான் செய்கிறது. இன்வெர்ட்டர் பேட்டரியைக் காற்றோட்டமுள்ள இடத்தில் வைக்கச் சொல்வது அதனால்தான்.

தாமிரத்தைப் பொறுத்தவரை, காற்றில்லாத நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமோ கந்தக அமிலமோ அதை ஒன்றும் செய்யாது என்பது சரி. ஆனால் காற்று இருந்தால் கதை மாறும். எலக்ட்ரானை ஏற்க ஹைட்ரஜன் அயனிக்குப் பதிலாகக் கரைந்திருக்கும் ஆக்சிஜன் முன்வருகிறது; வாயு எதுவும் வெளிவராமலேயே தாமிரம் மெல்ல மெல்ல அயனியாகக் கரைந்துபோகிறது. தாமிரத் துண்டுகளின் மேல் சூடான நீர்த்த கந்தக அமிலத்தையும் காற்றையும் செலுத்தி மயில்துத்தம் தயாரிக்கும் முறையே உண்டு. பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்போ மோரோ வைத்தால் களிம்பு ஏறும் என்று பாட்டிமார்கள் எச்சரித்ததும், ஈயம் பூசுபவர் தெருவில் வந்தால் பாத்திரங்களை எடுத்துக் கொடுத்ததும் இந்த வினையைத் தடுக்கத்தான். பூசப்பட்டது வெள்ளீயம். பேச்சில் வெள்ளீயமும் காரீயமும் இரண்டுமே ‘ஈயம்’ ஆகிவிடுவதால், இதில் மட்டும் மிகக் கவனம் வேண்டும்: வெள்ளீயச் சொம்பில் ரசம் வைக்கலாம், காரீயம் கலந்த சொம்பில் புளிப்புள்ள எதையும் வைக்கக் கூடாது. காரீயம் புளியின் அமிலத்திலும் காற்றிலும் சிறுகச் சிறுகக் கரையக்கூடியது, உடலில் தங்கி நஞ்சாகக்கூடியது.

கடைசியாக நைட்ரிக் அமிலம். இதில் ஹைட்ரஜன் அயனியைவிட நைட்ரேட் அயனிக்கு எலக்ட்ரானின் மேல் நாட்டம் மிக அதிகம். அது நைட்ரிக் ஆக்சைடாக ஒடுங்கும் மின்னழுத்தம் நேர் 0.96 வோல்ட், தாமிரத்தினுடைய 0.34ஐ அது எளிதில் வெல்கிறது. மூன்று தாமிர அணுக்களுக்கு எட்டு நைட்ரிக் அமில மூலக்கூறுகள் செலவாகி, தாமிர நைட்ரேட்டும் நீரும் இரண்டு நைட்ரிக் ஆக்சைடு மூலக்கூறுகளும் கிடைக்கின்றன. உங்கள் குழாயை நினைவுபடுத்திப் பாருங்கள். நீலமாகிக்கொண்டிருந்த கரைசலுக்குச் சற்று மேலே வாயு நிறமற்றிருந்து, குழாயின் வாயருகே மட்டும் செம்பழுப்பாகத் தெரிந்திருக்கும். வெளிவருவது நிறமற்ற நைட்ரிக் ஆக்சைடு. காற்றிலுள்ள ஆக்சிஜனைச் சந்திக்கும் இடத்தில் அது பழுப்பான நைட்ரஜன் டைஆக்சைடாக மாறுகிறது. அந்தப் பழுப்பு வாயு நுரையீரலுக்குக் கேடு என்பதால் இதைப் புகைபோக்கி அறைக்குள்தான் செய்யவேண்டும். ஆகவே தாமிரம் விதியை மீறவில்லை. அது ஹைட்ரஜனை வெளியேற்றவே இல்லை. துத்தநாகம் மிக நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் நைட்ரஜனை அம்மோனியம் உப்பு வரைக்கும் ஒடுக்கிவிடும். மெக்னீசியமும் மாங்கனீசும் மட்டும் ஓரிரு விழுக்காடே உள்ள மிக நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் ஹைட்ரஜனைத் தரும் என்பது பாடநூல்கள் சரியாகவே குறிப்பிடும் விலக்கு.

அடுத்த ஆய்வக வகுப்பில் ஆசிரியரின் அனுமதியோடு ஒன்று செய்து பாருங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். அமிலத்தை நீர்க்கச் செய்யவேண்டியிருந்தால் நீரில்தான் அமிலத்தை ஊற்றவேண்டும், மாற்றிச் செய்யக் கூடாது. அலுமினியத் துண்டு அசையாமல் கிடந்த அதே நீர்த்த கந்தக அமிலத்தில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுக் கலக்கிவிட்டு, இந்த முறை குழாயைக் கீழே வைக்காமல் பத்து நிமிடம் துண்டின் ஓரங்களையே பார்த்துக்கொண்டிருங்கள். முதல் குமிழி எந்த நிமிடத்தில், எந்த இடத்தில் வந்தது என்பதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள்.